பதினைந்து நாளில் டிரம்பெட் கற்றவரா மரியோ பவுசா?

கேள்வி சுருக்கமாகத்தான் இருக்கிறது. கியூபாவிலிருந்து நியூயார்க் போன மரியோ பவுசா பதினைந்தே நாளில் டிரம்பெட் கற்றுக்கொண்டு இசைத்தட்டுக்கு வாசித்தாராமே, நம்பலாமா? நம்பினாலும், எவ்வளவு தேடியும் பெயர் சொல்லும்படி அவருடைய சோலோ, அதாவது தனி வாசிப்பு, ஒன்றுகூட அகப்படவில்லை, பிறகு எதற்கு லத்தீன் ஜாஸின் தந்தை என்கிறார்கள்? கேட்டவர் முதல் பாதியைத்தான் பெரிதாக நினைக்கிறார் போல. எனக்கு இரண்டாம் பாதிதான் கனமாகத் தெரிகிறது. சோலோ வாசித்துப் பேர் வாங்காத டிரம்பெட்காரர் எதனால் பெரிய ஆள் ஆகிறார் என்பதுதானே விஷயம்? நான் ஆய்வாளன் இல்லை. மெல்லிசைக் குழுக்களில் இருபத்தாறு வருடம் டிரம்பெட் ஊதியவன், அதில் ஆறு வருடம் பயணிகள் கப்பல் பேண்டில். ஊதுகிறவன் பார்வையில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்கிறேன்.

முதலில் பதினைந்து நாள். இந்தக் கதையின் ஊற்றுக்கண் பவுசாவேதான், வயதான காலத்தில் அவர் கொடுத்த பேட்டிகள். சுவையாகக் கதை சொல்லக்கூடியவர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பதினைந்து நாளுக்கு முன்னால் பதினைந்து வருடம் இருக்கிறது, சொல்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். அவர் பிறந்தது 1911 ஏப்ரல் 28, ஹவானாவில். வளர்த்தது ஞானப் பெற்றோர். அந்த ஞானத்தகப்பன் இசை ஆசிரியர், சிறுவயதிலேயே சுரம் பார்த்துப் பாட உட்காரவைத்துவிட்டார். கிளாரினெட் பழகி, பதின்வயதிலேயே ஹவானா ஃபில்ஹார்மோனிக்கில் இடம் கிடைத்தது. 1926-ல் அந்தோனியோ மரியா ரோமேயுவின் குழு இசைத்தட்டுப் பதிவுக்கு நியூயார்க் போனபோது பவுசாவும் கூடப் போனார். பதினைந்து வயது. தங்கியது நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில், ஓர் உறவினர் வீட்டில். அங்கே பால் வைட்மன் ஆர்க்கெஸ்ட்ராவில் சாக்ஸபோன் வாசித்ததைக் கேட்டு, அந்த வாத்தியத்தைக் கற்றே ஆகவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு ஊர் திரும்பினார்.

ஹார்லெமில் அவர் கேட்டதோடு பார்த்ததும் முக்கியம். அவர் கறுப்பர். அன்றைய ஹவானாவில் நல்ல சம்பளம் தரும் கிளப், ஓட்டல் வேலைகளில் பாதிக்கு மேல் அவர் நிறத்துக்குக் கதவு திறக்காது. ஹார்லெமிலோ கறுப்பர்களின் நாடகமேடைகளும் நடன அரங்குகளும் அவர்களே நடத்தும் பேண்டுகளும் இருந்தன. அமெரிக்காவில் நிறவெறி குறைவு என்று சொல்ல வரவில்லை. கறுப்பு இசைக்காரன் தலைநிமிர்ந்து பிழைக்க ஓர் ஊரே இருந்தது, அவ்வளவுதான். 1924-ல் வந்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் நாட்டுவாரி ஒதுக்கீடு ஐரோப்பாவைத்தான் நெருக்கியது, கியூபா மாதிரியான அக்கம்பக்கத்து நாடுகளுக்கு அது பொருந்தவில்லை. கப்பல் டிக்கெட்டுக்குக் காசு இருந்தால் வரலாம்.

1930-ல் திரும்பி வந்தார், இந்த முறை இருந்துவிட. அதே கப்பலில்தான் டான் அஸ்பியாசுவின் ஆர்க்கெஸ்ட்ராவும், அதில் பாடிய அந்தோனியோ மச்சீனும் வந்தார்கள். அந்த வருடமே அவர்கள் பதிவு செய்த ‘எல் மனிசேரோ’, அதாவது கடலைக்காரன் பாட்டு, அமெரிக்கா முழுக்கப் பிய்த்துக்கொண்டு போனது. மச்சீன் தனியாக ஒரு நால்வர் குழு வைத்து இசைத்தட்டு போட ஆரம்பித்தார், ஆனால் டிரம்பெட்காரர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அப்போதைய நியூயார்க்கில் கியூபப் பாட்டுக்கு டிரம்பெட் ஊதத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் ஒரு டிரம்பெட் வாங்கிக் கொடுங்கள், பதினைந்து நாளில் வாசிக்கிறேன் என்று பவுசா சொன்னதாகவும், மச்சீன் வாங்கிக் கொடுத்ததாகவும் கதை.

ஊதுகிறவனாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். டிரம்பெட்டில் வால்வு மூன்றுதான். பதினேழு சாவி கொண்ட கிளாரினெட்டில் ஓடிப் பழகிய விரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சாதாரண கிளாரினெட்டும் சாதாரண டிரம்பெட்டும் இரண்டுமே பி ஃபிளாட் வாத்தியம், ஆகவே காகிதத்தில் இருக்கும் சுரத்தை இங்கே மாற்றி, அங்கே மாற்றிப் படிக்கும் தொல்லையும் கிடையாது. மூச்சு தயார், படிப்பு தயார். சிக்கல் உதடு ஒன்றுதான். கிளாரினெட்டில் அதிர்வது ரீட் என்ற நாணல் சீவல், டிரம்பெட்டில் அதிர்வது நம் உதடே. புதிதாக ஆரம்பித்தவனுக்கு நான்காம் நாள் மேலுதட்டில் மவுத்பீஸ் வட்டமாகப் பதிந்துவிடும், பத்து நிமிடம் ஊதினால் வாயோரம் நடுங்க ஆரம்பிக்கும், அப்புறம் காற்றுதான் வரும், நாதம் வராது. உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த இரண்டு மூன்று வருடமாவது வேண்டும். ஆனால் மச்சீன் குழுவில் டிரம்பெட்டுக்கு இருந்த வேலை என்ன? பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு வரி, முகப்பில் நாலு வரி, பெரும்பாலும் நடு ஸ்தாயியில். அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். பாட்டும் அவர் காதில் பிறந்ததிலிருந்து கிடந்த பாட்டு. ஆகவே என் தீர்ப்பு: பதினைந்து நாளோ முப்பது நாளோ, நடக்கக்கூடிய காரியம்தான். அந்த இசைத்தட்டுகளில் ஒலிப்பது பெரிய டிரம்பெட் இல்லை, பாட்டு தெரிந்த டிரம்பெட்.

என்னை அசரவைப்பது அதற்கு மூன்று வருடம் கழித்து நடந்தது. 1933-ல் சிக் வெப் அவரைத் தன் பேண்டில் சேர்த்துக்கொண்டார், கொஞ்ச நாளில் முதல் டிரம்பெட் நாற்காலியும் இசைப் பொறுப்பும் பவுசாவுக்கு வந்தன. வெப் முதுகு கூன்விழுந்த குட்டை மனிதர், டிரம்ஸில் உட்கார்ந்தால் ஹார்லெமின் சவாய் பால்ரூம் அதிரும். முதல் டிரம்பெட் என்பது வெளியே தெரியாத வேலை. பித்தளை வாத்தியங்கள் அத்தனையும் அந்த ஒருவர் சுரத்தை எங்கே தொடுகிறார், எங்கே விடுகிறார், எவ்வளவு இழுக்கிறார் என்று பார்த்துத்தான் கூடவே மூச்சு விடும். இரவெல்லாம் நடனம், இரவெல்லாம் உச்ச ஸ்தாயி. சோலோக்காரன் எட்டு வரி பிரமாதமாக வாசித்துவிட்டு உட்கார்ந்து இளைப்பாறலாம், முதல் டிரம்பெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பவுசாவின் சோலோ ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்களே, இதுதான் விடை. வெப் பேண்டில் சோலோக்கள் டாஃப்ட் ஜோர்டனுக்கும் பாபி ஸ்டார்க்குக்கும் போயின, கட்டடத்தைத் தாங்கியது பவுசா. அவர் சுரங்களைச் சரியாக வாசித்தும் ஜாஸின் உச்சரிப்பு வரவில்லை என்பதைக் கவனித்து, வெப்பே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததாகப் பவுசா பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். புதிய ஊர்மொழியில் இலக்கணம் சரியாக இருந்தும் வாடை காட்டிக்கொடுக்குமே, அந்த மாதிரி. ஆங்கிலத்தில் அவருக்கு அந்த வாடை கடைசிவரை இருந்தது, டிரம்பெட்டில் போய்விட்டது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘எல்லா’ என்ற பெயருடைய பாடகி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை, வெப்பிடம் சேர்த்துவிட்டதே பவுசாதான் என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் பெண் 1934-ல் அப்போலோ தியேட்டர் போட்டியில் ஜெயித்ததும் 1935-ல் வெப் பேண்டுக்கு வந்ததும் உறுதி. யார் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள் என்பதில் குறைந்தது மூன்று நான்கு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள், பவுசா அதில் ஒருவர். அதை நான் அவர் கணக்கில் எழுத மாட்டேன். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லஸ்பி கதை அப்படி அல்ல. 1939-ல் பவுசா பாடகர் கேப் காலவே நடத்திய பேண்டில் இருந்தார். இளைஞன் கில்லஸ்பிக்கு வேலை இல்லை. உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லி ஒரு ராத்திரி தன் நாற்காலியில் கில்லஸ்பியை உட்காரவைத்தார் பவுசா. காலவேக்கு ஆள் பிடித்துப்போய் வேலை கொடுத்துவிட்டார். நுணுக்கங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறினாலும், பவுசாதான் வழிவிட்டார் என்பதைக் கில்லஸ்பியே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். வேலை பெற்றவனே சாட்சி சொன்ன பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்த அந்தக் காலத்தில்தான் பவுசா அவனுக்குக் கியூபத் தாளத்தைக் காதில் போட ஆரம்பித்தார்.

காலவே பேண்டில் நல்ல சம்பளம், நல்ல பெயர். ஆனால் கியூப இசையைச் சக வாத்தியக்காரர்கள் பட்டிக்காட்டுச் சமாச்சாரம் மாதிரி கேலி செய்ததாகப் பவுசா சொல்லியிருக்கிறார். அவர் மனைவி எஸ்தெலாவின் சகோதரர் ஃபிராங்க் கிரில்லோ, மேடைப் பெயர் மச்சிட்டோ (மேலே சொன்ன மச்சீன் வேறு, இவர் வேறு, நானே பல வருடம் குழம்பியவன்), 1937-ல் நியூயார்க் வந்து ஒரு குழு ஆரம்பித்திருந்தார். 1941-ல் பவுசா காலவேயை விட்டுவிட்டு மைத்துனரோடு சேர்ந்தார், இசைப் பொறுப்பாளராக. பேண்டின் பெயர் ‘மச்சிட்டோவும் அவருடைய ஆஃப்ரோ கியூபன்களும்’. கியூபாவிலேயே ‘ஆஃப்ரோ’ என்பதை அடக்கி வாசித்த காலத்தில் நியூயார்க்கில் போர்டு எழுதி மாட்டினார்கள்.

இனிமேல் சொல்வது கொஞ்சம் தாள விவகாரம், ஆனால் இது புரியாமல் பவுசாவின் வேலை புரியாது. கியூப இசைக்கு முதுகெலும்பு கிளாவே. இரண்டு கட்டைகளைத் தட்டும் ஐந்து தட்டு, இரண்டு பாருக்குப் (பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று) பரவியிருக்கும்: ஒரு பாரில் மூன்று, அடுத்ததில் இரண்டு, அல்லது முதலில் இரண்டு பிறகு மூன்று. பாட்டு எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் கிளம்பலாம். கிளம்பிய பிறகு கிளாவே யாருக்காகவும் திரும்பாது. மெட்டு, பேஸ், பியானோ, பித்தளை எல்லாமே அந்தப் பக்கத்துக்கு ஒத்துப்போக வேண்டும். நம் தாளத்தில் எடுப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் தாளத்தை நடுவில் ஒரு அட்சரம் தள்ளிப்போட முடியாதல்லவா, கிட்டத்தட்ட அப்படி. கிட்டத்தட்டத்தான், ஏனென்றால் கிளாவே ஒரு கணக்கு மட்டுமில்லை, அதற்கே ஒரு நடை உண்டு.

நான் இதைப் புத்தகத்தில் கற்கவில்லை. கப்பலில் முதல் மாதம், ஒரு மாம்போ, அதாவது கியூப நடனப் பாட்டு. நொட்டேஷனில் இருந்ததை அச்சுப் பிசகாமல் ஊதிக்கொண்டிருந்தேன், அறிமுக இசைக்குப் பிறகு ஒரு பார் முன்னதாக நுழைந்துவிட்டேன். நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாத தவறு, அடுத்த வரியில் சேர்ந்துகொள்வோம். அன்றைக்குக் காங்கா வாசித்தவர் கியூபாக்காரர் (நம் மெல்லிசைக் குழுக்களில் தும்பா என்போமே, அதுதான்). கச்சேரி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, எதுவும் பேசாமல் இரண்டு கட்டைகளை எடுத்து என் காதருகே தட்ட ஆரம்பித்தார். மெட்டைப் பாடச் சொல்லிச் சைகை காட்டினார். பாடினேன். மூன்றும் இரண்டும் சரியாக மாறி விழுந்த இடத்தில் பாட்டு தானாக நடந்தது. ஒரு பார் தள்ளிப் பாடச் சொன்னார். அதே சுரங்கள், ஆனால் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பது போல் இருந்தது. அன்றிலிருந்துதான் பவுசா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைக்க ஆரம்பித்தது.

ஏனென்றால் அன்றைய நியூயார்க்கில் ஜாஸ் பித்தளைக்கு எழுதத் தெரிந்தவர்களுக்குக் கிளாவே தெரியாது, கிளாவே தெரிந்தவர்களுக்குப் பெரிய பேண்டுக்கு எழுதிப் பழக்கமில்லை. இரண்டு பக்கமும் உள்ளே உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் பவுசா. காலவே பேண்டுக்கு எழுதிய ஜான் பார்ட்டியையே மச்சிட்டோ பேண்டுக்கும் எழுதவைத்தார், கிளாவே பக்கம் பிசகாமல் தான் பார்த்துக்கொண்டார். பித்தளை வரிசை சவாய் பால்ரூம் மாதிரி மூச்சு விடும், அடியில் ஹவானா ஓடும். பிறகு 1940-களின் நடுவில் பியானோவுக்கு வந்த ரெனே எர்னாண்டஸ் அந்த எழுத்தை இன்னும் மெருகேற்றினார்.

1943 மே மாதக் கடைசியில் பிறந்தது ‘தாங்கா’. தேதியைச் சிலர் 28 என்கிறார்கள், சிலர் 29, சிலர் 31. அதில் தலையைக் கொடுக்க வேண்டாம். பவுசா சொன்னபடி: முந்தைய இரவு நிகழ்ச்சி முடியும் நேரத்தில் பியானோக்காரர் லூயிஸ் வரோனா சும்மா உருட்டிக்கொண்டிருந்த ஒரு அடியைக் காதில் வாங்கினார். பார்க் பேலஸ் அரங்கில் மறுநாள் ரிகர்சல். காகிதம் இல்லை. பேஸுக்கு இதை வாசி, சாக்ஸுக்கு இந்த அடுக்கு, டிரம்பெட்டுக்கு இந்த வெட்டு என்று ஒவ்வொரு வரிசைக்கும் வாயால் பாடிப் பாடிக் கட்டினார். ஒரே ஸ்வர அடிவாரத்தில் சுற்றிச் சுற்றி ஏறும் பாட்டு, நடுவில் ஜாஸ் சோலோ. ஜாஸும் கிளாவேயும் முழுசாகக் கலந்த முதல் உருப்படி இதுதான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ‘முதல்’ என்ற சொல்லில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் தயக்கம் உண்டு, நியூ ஆர்லியன்ஸ் காலத்திலிருந்தே கரீபியத் தாளங்கள் ஜாஸில் உரசிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் தெரிந்தே, திட்டமிட்டே, பேண்டு முழுக்கக் கிளாவேயில் நிற்க ஜாஸ் நடந்தது இங்கேதான் என்று சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். இன்று நாம் அதிகம் கேட்கும் பழைய ‘தாங்கா’ 1940-களின் கடைசியில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸுக்காகப் பதிவானது. 1943-ல் ஒலித்ததை அப்படியே அதில் தேடக் கூடாது, வாத்தியங்களும் கூடிவிட்டன, எழுத்தும் முற்றிவிட்டது.

அடுத்த அறிமுகம் இன்னும் பெரியது. 1947-ல் கில்லஸ்பி தன் பெரிய பேண்டுக்குக் காங்கா ஆள் தேடியபோது, பவுசா காட்டிய ஆள் சானோ போசோ. போசோவுக்கு ஆங்கிலம் வராது, கில்லஸ்பிக்கு ஸ்பானிஷ் வராது. செப்டம்பர் 29-ம் தேதி கார்னகி ஹாலில் சேர்ந்து வாசித்தார்கள், டிசம்பர் 30-ல் ‘மன்டேக்கா’ பதிவானது. போசோ வாயால் பாடிக் காட்டிய அடுக்குகள்தான் அதன் உடம்பு, நடுவில் வரும் நீண்ட மெட்டு கில்லஸ்பியுடையது. கேட்டுப் பாருங்கள், அந்த நடுப்பகுதி வந்ததும் தாளம் ஹவானாவை விட்டு ஜாஸுக்குத் தாவிவிடும். மச்சிட்டோ பேண்டு அப்படித் தாவாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பவுசாதான் என்பேன். போசோ மறு வருடம் டிசம்பர் 2-ம் தேதி ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் மச்சிட்டோ பேண்டோடு ‘மாங்கோ மாங்கே’ பதிவு செய்தார்.

அப்புறம் வந்த இருபது வருடத்தை வேகமாகச் சொல்லிவிடலாம், ஊரறிந்த கதை. பிராட்வேயும் 53-வது தெருவும் கூடும் இடத்தில் பலேடியம் அரங்கு, மாம்போ வெறி. ஒரு தெரு தள்ளி பேர்ட்லேண்ட் கிளப், அங்கே வாசித்துவிட்டு ஜாஸ்காரர்கள் இங்கே எட்டிப் பார்ப்பார்கள். 1966-ல் பலேடியம் மூடப்பட்டது. பிறகு ‘சால்சா’ என்ற பெயர் வந்தது, அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று பவுசா எரிந்து விழுவார். ‘லத்தீன் ஜாஸ்’ என்ற சொல்லும் அவருக்குப் பிடிக்காது. ஆஃப்ரோ கியூபன் ஜாஸ் என்று சொல்லுங்கள் என்பார். ஆகவே உங்கள் கேள்வியில் இருக்கும் பட்டத்தை அவரே வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்!

1970-களின் நடுவில் மச்சிட்டோ குழுவைச் சுருக்கி ஐரோப்பா போக விரும்பினார், பவுசாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. முப்பது வருடத்துக்கு மேலான கூட்டு அத்தோடு முறிந்தது. மச்சிட்டோ 1983-ல் கிராமி வாங்கினார், அடுத்த வருடம் லண்டனில் இறந்தார். பவுசாவை அந்தப் பத்து வருடம் அநேகமாக எல்லோரும் மறந்தே போனார்கள். கட்டடம் கட்டியவர் பெயர் வாசலில் இல்லாமல் போனதற்குக் காரணம் அவர் நாற்காலிதான்: முகப்பில் நின்று பாடியவர் மச்சிட்டோ, சோலோ வாசித்தவர்கள் விருந்தாளிகள், எழுதியவர்களாக அந்தப் பேண்டுக்கு எழுதிய சிக்கோ ஓஃபாரிலும் பியானோக்காரர் எர்னாண்டஸும் பேர் பெற்றார்கள். எண்பதாவது வயதில்தான் திரும்பி வந்தார். 1991-ல் நியூயார்க்கில் பிறந்தநாள் கச்சேரி, பிறகு ஒரு ஜெர்மன் கம்பெனிக்காகத் தன் பெயரில் பெரிய பேண்டு இசைத்தட்டுகள். 1993 ஜூலை 11-ல் காலமானார்.

கேள்விக்குக் கீழே இன்னொருவர் அர்த்தூரோ சாந்தோவாலோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தார். இருவரும் கியூபா டிரம்பெட்காரர்கள், இருவருக்கும் கில்லஸ்பி நண்பர், ஒப்புமை அதோடு சரி. சாந்தோவால் 1990-ல் கில்லஸ்பியோடு ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் கேட்டவர். டிக்கெட் எடுத்துக் கப்பலேறி வந்த பவுசாவின் 1930 வேறு உலகம். வாத்தியத்தில் சாந்தோவால் அசுரர், அவர் தொடும் உச்சத்தைப் பவுசா கனவிலும் தொட்டிருக்க மாட்டார். ஆனால் கில்லஸ்பி 1977-ல் ஹவானாவில் இறங்கி இளைஞன் சாந்தோவாலைத் தேடிப் போகும் அளவுக்குக் கியூபாவின் மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்திருந்ததே, அது காலவே பேண்டில் பக்கத்து நாற்காலியில் தொற்றிய பைத்தியம்.

எதிலிருந்து கேட்பது என்றால், 1957-ல் பதிவான மச்சிட்டோவின் ‘கென்யா’விலிருந்து தொடங்குங்கள். சோலோவுக்காகக் காத்திருக்காதீர்கள். டிரம்பெட் வரிசை ஒன்றாக ஒரு வெட்டு வெட்டிவிட்டுச் சட்டென்று நிற்கும் இடங்களை மட்டும் கவனியுங்கள், எல்லோரும் ஒரே நொடியில் விடுவார்கள், துளிகூட வால் நீளாது. பிறகு அவர் கடைசியாகப் பதிவு செய்த ‘944 கொலம்பஸ்’ கேளுங்கள். அந்தப் பெயர் என்னவென்று யோசிக்க வேண்டாம், மன்ஹாட்டனில் அவர் குடியிருந்த வீட்டு முகவரி.